கிரிவலப் பாதையில் மிஞ்சும் சோறும் வயலுக்கு வேண்டிய எருவும்

திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை ஒரு புண்ணிய வழி மாத்திரமன்று. அது பல கிராமங்களின் நன்செய் புன்செய்களையும், ஏரி குளங்களையும், மேய்ச்சல் தரைகளையும் ஒட்டிச் செல்லும் வழியுமாகும். மாதந்தோறும் பௌர்ணமியன்றும், சித்திரா பௌர்ணமி, கார்த்திகைத் தீபம் ஆகிய காலங்களில் பன்மடங்காகவும், லட்சக்கணக்கான ஜனங்கள் இவ்வழியே நடந்து செல்கின்றனர். நடப்பவர்களுக்கு அன்னமிடுவது இவ்வூர் மரபு. ஊர்க்காரர், வெளியூர்த் தருமவான்கள், மடங்கள், ஆசிரமங்கள், வியாபாரச் சங்கங்கள் என்று பலரும் வழிநெடுக அன்னம் வழங்குகிறார்கள். 2002-ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டத்தினால் கோயில்களிலும் உணவு வழங்கப்பட்டு வருகிறது. ஒருவரும் பசியோடு மலையைச் சுற்ற நேர்வதில்லை என்பது பெருமைக்குரியதே. ஆனால் மறுநாள் விடியற்காலையில் அதே வழியில் ஒருமுறை நடந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு காட்சி புலப்படும்.

சாலையோரத்து வடிகாலில் சோறு ஊறிக் கிடக்கும். சாம்பார் கட்டிய நெகிழிப் பைகள் வேலியோரமாய்ச் சிதறிக் கிடக்கும். இலைகளும் தட்டுகளும் குவிந்த இடங்களில் மாடுகளும் நாய்களும் குரங்குகளும் ஒன்றையொன்று நெருக்கும். சோற்றை நாடிக் கூடும் நாய்கள் பிறகு மலையடிவாரத்தில் இறங்கும் புள்ளிமான்களையும் துரத்துகின்றன. மழை வந்தால் இவ்வளவும் ஓடையிலும் ஏரியிலும் போய்ச் சேரும். நிலமுடையவர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள், வடிகாலின் மறுகோடி எவருடைய கிணற்றையும் எவருடைய வாய்க்காலையும் தொடுகிறது என்பதை ஒருமுறை கவனித்தல் நலம்.

மிஞ்சுவது எதனால்?

மிச்சத்தை எருவாக்குவதற்கு முன் மிச்சமே விழாமற் செய்வது முதல் வேலை. மிச்சம் விழுவதற்குப் பெரும்பாலும் பக்தர்களுடைய அலட்சியம் காரணமன்று. வழியில் அடுத்தடுத்துப் பந்தல்கள் நிற்கின்றன. ஒரு பந்தலில் புளியோதரை வாங்கியவர் ஐம்பது தப்படி போவதற்குள் மற்றொருவர் பொங்கலை நீட்டுகிறார். பிரசாதம் என்று தருவதை வேண்டாமென்று சொல்ல மனம் வருவதில்லை. வாங்கி, இரண்டு வாய் உண்டு, மீதியை ஓரத்தில் வைத்துவிட்டு நடக்கிறார். ஆதலால் பரிமாறும் அளவைக் குறைப்பதே சிறந்த பரிகாரம். ஒரு கரண்டி அளவு வைத்து, கேட்பவர்களுக்கு மறுமுறை வைப்பது என்ற வழக்கம் ஏற்பட்டால் இலையில் வீணாவது பெரிதும் குறையும். இலை நிறைய வைத்தால்தான் தருமம் என்னும் எண்ணம் சம்பிரதாயத்தைச் சேர்ந்ததன்று, வெறும் ஆடம்பரமே.

இரண்டாவது காரணம், வருவோர் தொகையை முன்கூட்டி அறிய முடியாமை. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று, தலைக்கு 100 கிராம் முதல் 125 கிராம் வரை என்று கொண்டால், 200 முதல் 250 பேருக்கு ஆகும். வெந்தபின் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடையாகிவிடும். நான்கு சிப்பத்தையும் மாலையிலேயே வடித்து வைத்தவர், மழையினாலோ வேறு காரணத்தாலோ கூட்டம் குறைந்தால், விடியற்காலையில் அண்டாக்களைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். அரிசியை ஈடு ஈடாகச் சமைப்பவருக்கு இத்தொல்லை இல்லை. உலையை மாத்திரம் காய வைத்துக்கொண்டு, முன் ஈடு பாதி தீர்ந்தபின் அடுத்த ஈட்டுக்கு அரிசி களைந்தால், மிஞ்சுவது சோறாக இராமல் அரிசியாகவே இருக்கும். அரிசி அடுத்த பௌர்ணமி வரை கெடாது.

இவ்விஷயத்தில் ரமணாசிரமத்தின் பழைய நடைமுறை கவனிக்கத்தக்கது. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, 1922-ல் தம் தாயார் சமாதியான பின்னர் மலையின் தென்புறத்து அடிவாரத்தில் தங்கலானார். அவ்விடமே ஆசிரமமாக வளர்ந்தது. அவர் 1950-ல் மறைந்தார். சமையற்கட்டில் அவரே விடியுமுன் காய் நறுக்கியதும், அரைத்ததும், இலை தைத்ததும் அடியார்களுடைய நினைவுக் குறிப்புகளில் விரிவாக உள்ளன. கீழே சிந்திய அரிசி மணிகளை அவர் பொறுக்கி எடுத்ததையும், கீரைத் தண்டைக்கூட எறிய விடாததையும் பலர் எழுதியிருக்கின்றனர். 1926-ல் கன்றாக வந்து 1948-ல் இறந்த லட்சுமி என்னும் பசு அவ்வாசிரமத்தில் பெயர்பெற்றது. இன்றும் அங்கே கோசாலை உண்டு. சமையற்கட்டு, அதனருகே தொழுவம், தொழுவத்தினருகே தோட்டம் என்னும் ஒழுங்கு இருக்குமிடத்தில் குப்பைக்குப் போவது மிகவும் சொற்பமாகும். நம் நாட்டுக் குடியானவர் வீடு ஒவ்வொன்றும் முன்பு இவ்வொழுங்கிலேதான் இருந்தது. கூட்டம் பெருகிய இடத்தில் தொழுவம் ஒருபுறமும் சமையல் மற்றொருபுறமும் ஆகிவிட்டதே இன்றைய சங்கடம்.

மனிதர்க்கு உதவும் மிச்சம்

அண்டாவில் கைபடாமல் மிஞ்சியது வேறு. இலையில் எச்சிலாய் மிஞ்சியது வேறு. முன்னதை மனிதர்க்கே கொடுக்கலாம், ஆனால் நேரம் தவறலாகாது. சமைத்த சோற்றை வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் வைத்தால் ஒருவகைக் கிருமி அதில் பெருகி விஷத்தை உண்டாக்குகிறது. அவ்விஷம் மறுபடியும் சுடவைப்பதால் நீங்குவதில்லை. வாடை வராதிருப்பதும் ருசி கெடாதிருப்பதும் சோறு நன்றாயிருப்பதற்கு அத்தாட்சியாகா. ஆகையால் மிஞ்சும் என்று தோன்றிய உடனேயே, ஆவி பறக்கும் நிலையில், மூடிய பாத்திரத்தில் பிரித்தெடுத்து அனுப்பிவிட வேண்டும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உண்பவர் கையில் சேர்வது உத்தமம். நான்கு மணி நேரத்தைக் கடந்ததை மனிதர்க்குக் கொடுக்கவே வேண்டா. புளியோதரை புளிப்பினால் சற்றுத் தாங்கும். சாம்பார் சாதமும் பொங்கலும் தாங்கா.

மிகுதி உணவைத் திரட்டிப் பகிர்ந்தளிப்பதற்கு 2019-ஆம் ஆண்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. தீபக் காலத்தில் அன்னதானம் செய்ய விரும்புவோர் மாவட்ட நிர்வாகத்தினிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையினரிடமும் முன்னதாக அனுமதி பெறுவது வழக்கத்தில் உள்ளது. அவ்வனுமதி பெறும்போதே, மிஞ்சியதை வாங்கிக்கொள்ளும் விடுதி எது, முதியோர் இல்லம் எது, இரவில் விழித்திருந்து வாங்குபவர் யார் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டால் நள்ளிரவில் திண்டாட வேண்டியிராது.

வீடுகளில் மிஞ்சும் சோற்றை நீரூற்றிப் பழையதாக்குவதும், உப்பும் மிளகாயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து வடகமாக உலர்த்துவதும் இப்பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த கலை. இது ஐந்தாறு பேர் உள்ள வீட்டிற்கே தகும். பந்தலில் பல கை பட்ட சோற்றுக்கு இவ்வுபாயம் பொருந்தாது.

மாடுகளுக்கு இடும்போது எச்சரிக்கை

மிச்சச் சோற்றை மாட்டுக்குப் போடுவதில் தருமமும் இருக்கிறது, செலவும் மிச்சம் என்று பலரும் எண்ணுகின்றனர். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பொங்கல் பண்டிகையை அடுத்தும், கலியாணக் காலங்களிலும், இத்தகைய விழாக்களுக்குப் பின்னும் நல்ல கறவை மாடுகள் சோற்றினாலேயே மாண்டுபோகின்றன.

மாட்டின் முதல் வயிறு வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைப்பதற்காக அமைந்த பெரிய தொட்டி போன்றது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை மெல்ல மெல்லச் சிதைத்து மாட்டுக்கு ஆகாரமாக்கித் தருகின்றன. அத்தொட்டிக்குள் ஒரே வேளையில் கூடைச் சோறு போய் விழுந்தால், சோற்றிலுள்ள மாச்சத்து வெகு வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. புளிப்பு மிகுந்ததும் வழக்கமான நுண்ணுயிர்கள் இறக்கின்றன. புளிப்பை உண்டாக்குபவை மாத்திரம் பெருகுகின்றன. இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு தீனி எடாமல் நின்றுவிடும், இடப்புற வயிறு உப்பும், பல்லைக் கடிக்கும், சாணம் இளகிப் புளித்த நாற்றம் வீசும், கண் உள்வாங்கும். கடைசியில் படுத்த மாடு எழாது. கடுமையாகத் தாக்கினால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

மாடு சோற்றுக் குவியலில் வாய்வைத்து வயிறு முட்டத் தின்றது தெரிந்த உடனேயே, நோய்க் குறி தோன்றும் வரை காத்திராமல், கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையின் 1962 என்னும் தொலைபேசி எண் இதற்காகவே உள்ளது. அவர் வரும் வரையில் மேற்கொண்டு தீனியோ, தாராளமாகத் தண்ணீரோ காட்டாமல், மாட்டை மெல்ல நடத்திக் கொண்டிருக்கலாம். சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டுவது புளிப்பை மாற்ற உதவும். எனினும் எவ்வளவு, எப்படி என்பதை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். அவசரத்தில் புகட்டியது மூச்சுக்குழலில் இறங்கினால் அதுவே எமனாகும்.

பழக்கமில்லாத மாட்டுக்கு, நறுக்கிய வைக்கோலுடன் கலந்து இரண்டு கைப்பிடிச் சோற்றுக்கு மேல் இடலாகாது. எச்சிற் சோற்றைவிட வாழையிலையே மாட்டுக்கு நல்ல தீனி. இலையைச் சோறு போக உதறிவிட்டுப் போடலாம். ஆனால் அத்துடன் நெகிழிப் பை ஒன்று கூடிச் சென்றாலும் அது செரிப்பதுமில்லை, வெளிவருவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் வயிற்றில் திரண்டு, வயிறு நிறைந்தது போன்ற பொய்யான உணர்ச்சியைத் தந்து மாட்டை மெலியச் செய்யும். சாலையில் மேயும் மாட்டின் பாலைக் கறந்துகொண்டு மாட்டைச் சாலைக்கே திருப்பி ஓட்டிவிடுபவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எருவாக்கும் முறை

எஞ்சியவை எருக்குழிக்கே உரியவை. கழிவைக் கலப்பு எருவாக்கும் முறையைச் சீனக் குடியானவர்களுடைய பழக்கத்தையும் இந்நாட்டுக் குடியானவர்களுடைய பழக்கத்தையும் கொண்டு ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பரிசோதித்து ஒழுங்குபடுத்தினார். அதனால் அது இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. பின்னர் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில் குழியை நிரப்பி மண்ணால் மெழுகிவிட்டால் போதும், புரட்டிப்போடும் வேலையில்லை. ஆனால் எரு பக்குவப்பட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். ஆள் கிடைக்கும் கிராமத்துக்கு இந்தூர் முறையே ஏற்றது. மூன்று மாதத்தில் எரு கிடைக்கும்.

சோற்றுக் கழிவில் தொல்லை தருவது அதன் சத்தன்று, அதிலுள்ள நீரே. சோற்றை மாத்திரம் குழியிலிட்டால் அது களிபோல் இறுகி, காற்றுப் புகாமல், புளித்து நாறும். ஈயும் புழுவும் மொய்க்கும். காற்றுக்கு இடம் தரும் உலர்ந்த பொருள் ஒன்று அதற்குத் துணையாக வேண்டும். இவ்வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கரும்புச் சோகையைக் கொளுத்துகிறார்கள். மணிலாக்கொட்டைத் தோல் ஆலைகளில் குவிந்திருக்கிறது. கொடியைத் தீனிக்கு வைத்துக்கொண்டு தோலை இதற்குக் கொள்ளலாம். சாலையோர மரங்களின் சருகும் உண்டு. கன அளவில் ஒரு கூடைச் சோற்றுக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று கூடை உலர்ந்த பொருள் என்பது கணக்கு.

மேட்டுப்பாங்கான இடத்தில், கிணற்றுக்கு 50 அடியாவது விலகி, 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். அடியில் அரை அடி கனத்துக்குச் சோகை பரப்பி, அதன்மேல் நீர் வடித்த சோற்றுக் கழிவையும் கிழித்த இலைகளையும் மூன்று அங்குலம் இட்டு, சாணக் கரைசல் தெளித்து, புளிப்பு நீங்கச் சிறிது சாம்பலும், தோட்ட மண்ணும் தூவ வேண்டும். மீண்டும் உலர்ந்த பொருள், மீண்டும் கழிவு என்று தரைமட்டத்துக்கு மேல் ஓரடி வரை அடுக்கி, மேல் அடுக்கு எப்போதும் உலர்ந்த பொருளாகவே இருக்கும்படி முடித்தால் ஈ அண்டாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், வழியக் கூடாது. சில நாட்களில் குழி சூடேறும். இரும்புக் கம்பியொன்றைச் செருகிச் சற்றுநேரம் கழித்து உருவினால் கையால் பிடிக்க முடியாத சூடு இருக்குமானால் வேலை நன்றாக நடக்கிறது என்று அறியலாம். அச்சூட்டில் களை விதையும் புழுவும் மடியும். பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் ஆக மூன்று முறை புரட்ட வேண்டும். மழையில் நனைந்த மண்ணின் வாசனை வந்தால் எரு பக்குவமாயிற்று.

கார்த்திகைத் தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதாகையால், அச்சமயம் குழியில் நீர் கோத்து எல்லாம் கெட்டுப்போகும். அப்போது தரைமேலேயே குவியலாக அமைத்து, தென்னங்கீற்றால் கூரைபோல் மூட வேண்டும். சித்திரா பௌர்ணமிக் கழிவுக்குக் குழியே சிறந்தது. வெயிலில் ஈரம் காக்கும்.

பாக்கு மட்டைத் தட்டுகள் மட்குவதற்கு நாளாகும். உடைத்துச் சாண நீரில் ஓரிரவு ஊறவைத்து இடலாம். தைத்த இலைகள் எளிதில் மட்கும். காகிதத் தட்டுகளையும் குவளைகளையும் பற்றி மாத்திரம் ஏமாறக் கூடாது. காகிதத்தை நனைத்துக் கசக்கினால் மெல்லிய தோல்போல் ஒன்று பிரிந்து வருமாயின் அது நெகிழி பூசியது, குழிக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுள் இவ்வகைப் பூச்சுள்ள தட்டும் குவளையும் அடங்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் ஈரக் கழிவையும் உலர்ந்த கழிவையும் உண்டாகுமிடத்திலேயே பிரிக்கும்படி விதித்தன. பந்தலுக்குப் பின்னால் இரண்டு பீப்பாய்களை வைத்து, இலையைத் தாமே உதறிப் போடும்படி ஒருவரை நிறுத்தினால் பிரிக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடும். கலந்தபின் பிரிப்பது பன்மடங்கு கூலி. அதுவும் தூய்மைக் காவலர்களின் கையையும் காலையும் புண்ணாக்கும் வேலை.

லாபக் கணக்கு

இதில் மிகைப்படக் கூறுவது நியாயமன்று. ஒருவர் மிச்சம் வைப்பது 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு 5 டன் ஈரக்கழிவு ஆகும், இலைகள் தனி. உலர்ந்த பொருளைச் சேர்த்து மட்க வைத்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடவேண்டும் என்பது வேளாண்மைத் துறையாரின் பொதுவான சிபார்சு. ஆகவே ஒரு பௌர்ணமியின் சோறு ஓர் ஏக்கருக்குக்கூட எட்டுமோ எட்டாதோ. தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு உள்ள எருவில் 5 டன்னுக்கு 25 கிலோ தழைச்சத்து கிடைக்கும். இது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றேகாலுக்குச் சமம். அதிலும் முதற் பயிருக்கு ஒரு பங்குதான் உதவும். இதைக் கேட்டு இவ்வளவுதானா என்பவர்கள், செம்மண் நிலத்தில் ஈரத்தை நிறுத்தும் ஆற்றல் யூரியா மூட்டையில் இல்லை என்பதை நினைக்க வேண்டும். மானாவாரி மணிலாக்கொட்டைக்கு மழை பத்து நாள் தவறினால் எரு கண்ட வயலும் எரு காணாத வயலும் தாமே வேறுபட்டு நிற்கும்.

வடாற்காட்டுச் சீமையிலேயே வேலூர்ப் பக்கத்தில் சி. சீனிவாசன் என்பவர், வீட்டுக் கழிவை அன்றன்றே பிரித்தெடுத்து, மாடு, கோழி, சாணம் இவற்றின் துணையால் எருவாக்கும் முறையைப் பல ஊர்களில் நடத்திக் காட்டியிருக்கிறார். அதன் சூட்சுமம், கழிவு நாறத் தொடங்குமுன் கைக்கு வந்துவிடுவதே. தென் கொரியாவில் 2005-ல் உணவுக் கழிவை நேரே மண்ணில் கொட்டிப் புதைப்பதைத் தடுத்தார்கள். 2013 முதல் எடைக்குத் தக்க கட்டணமும் வாங்குகிறார்கள். அவ்வளவு கண்டிப்பு அன்னதானத்துக்குப் பொருந்தாது. எனினும் கழிவைக் கொண்டுபோகும் வண்டிச் சத்தத்தைப் பந்தல் நடத்துபவர் ஏற்பது நியாயமே. சோற்றுக்குச் செலவிடுபவர்க்கு அது பாரமாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் செய்யக்கூடியது, பாதைக்கு அணித்தான நிலமுடையவர்களுள் யார் குழிக்கு இடம் தருகிறார்கள், யாரிடம் டிராக்டர் உண்டு என்னும் பட்டியலைத் தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே தயாரிப்பது. எரு இடம் தந்தவருக்கா, வண்டி ஓட்டியவருக்கா, ஊராட்சிக்கா என்னும் பங்கையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். எரு கறுத்து உதிரியாய் வந்தபின்புதான் இவ்வழக்குகள் பிறக்கின்றன. தீபக் குவியல் பங்குனியில் பக்குவமாகும். சித்திரைக் கோடையுழவில் அதை நிலத்தில் சேர்க்கலாம். சித்திரா பௌர்ணமியன்று நிரப்பிய குழி ஆடிப்பட்டத்து விதைப்புக்குச் சரியாக வந்து சேரும். சோகையைக் கரும்பு வெட்டும்போதே கட்டி, மழை படாத இடத்தில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமியன்று இரவில் தேடினால் கிடைக்காது.